றேந்தை நூலும் நல்ல தண்ணீரும்

கத்தரீனாவுக்கு இருந்தது இரண்டே இரண்டு கைகள். எல்லாருக்கும் அப்படித்தானே, இதில் என்ன புதினம் என்று நீங்கள் கேட்கலாம். அந்த இரண்டு கைகளாலும் அவள் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தாள், புருசனின் வருத்தத்துக்கு ஏற்ற சாப்பாடு சமைத்தாள், மிச்ச நேரத்தில் வெள்ளை நூலில் பூவேலையாக றேந்தை பின்னினாள். மூன்றில் ஒன்றை அவள் விட்டிருந்தால் எனக்கு இதை எழுதும் வேலை வந்திராது.

பத்திரிகைகளில் பெண்களுக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் எழுதுவார்கள்: காலையில் கொஞ்ச நேரம் வீட்டுத்தோட்டம், சாப்பாட்டில் நிறைய மரக்கறி, பின்னேரத்தில் மனதுக்குப் பிடித்த ஒரு கைவேலை, இப்படி எல்லாவற்றையும் அளவாகப் பிரித்துக்கொண்டால் வாழ்க்கை இனிக்கும் என்று. எழுதுகிறவர்களின் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் போலிருக்கிறது. நெடுந்தீவில் அப்படி இல்லை. அங்கே ஒரு பிடி கீரைக்குப் பின்னால் எத்தனை வாளி தண்ணீர் இருக்கிறது என்று, இறைத்த கைக்குத்தான் தெரியும்.

கத்தரீனா பிறந்தது நாரந்தனையில். சின்ன வயதில் கன்னியாஸ்திரிமார் மடத்தில் தையல் பழகப் போனவள், தையலை விட்டுவிட்டு றேந்தையில் விழுந்துவிட்டாள். கொளுக்கி ஊசியும் ஒரு நூற்பந்தும் கையில் கிடைத்தால் அவளுக்குப் பசி தெரியாது. அம்புறோசைக் கட்டி நெடுந்தீவுக்கு வந்தபோது, சீதனமாக வந்த சாமான்களை விட அந்த ஊசிகளைத்தான் அவள் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு வள்ளத்தில் இருந்தாளாம். பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசிப் பேசிக் களைத்துப்போய் விட்டுவிட்டது. சுற்றுவட்டாரத்தில் முதல்நன்மை எடுக்கும் பெண்பிள்ளைகளின் முக்காட்டு விளிம்பு, கலியாண வீட்டுத் தலையணை உறை, தொட்டில் சீலையின் கரை எல்லாம் அவள் பின்னியவைதான். காசுக்காக அவள் பின்னவில்லை. வெறும் நூல் தன் விரலுக்குள் ஒரு பூவாக மாறி வருவதைப் பார்க்கும் சந்தோசம் ஒன்றுக்காகவே பின்னினாள். அந்தச் சந்தோசத்தை அவள் வேறு எதிலும் காணவில்லை, பூசையில்கூட.

தொண்ணூற்றேழாம் ஆண்டு அம்புறோசின் தமையன் பிலிப்புவுக்குக் காலில் ஒரு சின்னப் புண் வந்தது. சிப்பி வெட்டிய புண். இரத்தத்தில் சீனி கூடின சீனி வருத்தக்காரன் காலைக் கவனிக்க வேண்டும் என்று யார் அவனுக்குச் சொன்னார்கள்? புண் கறுத்து, பாதம் கறுத்து, வள்ளத்தில் ஏற்றிக் குறிகட்டுவான் துறைக்கும் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுபோனார்கள். போகும்போது இரண்டு கால், திரும்பி வரும்போது ஒன்று. கடலில் நின்று பழகிய மனிசன் வீட்டுக்குள் ஒரு கதிரையில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த தவக்காலத்துக்குள் செத்துப்போனான். புண்ணால் இல்லை, சுவரைப் பார்த்துத்தான் செத்தான் என்று அம்புறோஸ் சொல்லுவார்.

அந்தச் செத்த வீட்டு அலைச்சல் முடிந்து கொஞ்சக் காலத்தில் அம்புறோசுக்குத் தலைசுற்றலும் ஓயாத தாகமும் வந்தது. கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தமையனுக்கிருந்த அதே வருத்தம். குளிசை தந்த டொக்குத்தர், சோற்றைக் குறைக்க வேண்டும், சீனியை மறக்க வேண்டும், நாள்தோறும் கீரையும் மரக்கறியும் சாப்பிட வேண்டும், காலில் காயம் வராமல் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நல்ல மனிசன். ஆனால் நெடுந்தீவுச் சந்தைக்கு மரக்கறி வள்ளத்தில் வாடி வதங்கி வருவதும், கடல் கொந்தளித்தால் அதுவும் வராததும் அவருக்குத் தெரியாது. கத்தரீனா வீட்டுக்கு வந்து, அம்புறோசின் இரண்டு பாதங்களையும் மடியில் தூக்கி வைத்து வடிவாகப் பார்த்தாள். இந்தக் காலை வெட்ட விடமாட்டேன் என்று மனதுக்குள் முடிவெடுத்தாள். மாதாவுக்கு நேர்த்திகூட வைக்கவில்லை. தானே பார்த்துக்கொள்வதாகத்தான் முடிவு.

பின்வளவில் தோட்டம் போடுவதென்றால் தண்ணீர் வேண்டும். வளவின் எல்லையில் கிணறு இருந்தது. ஆனால் அது அவளுடைய கிணறு இல்லை, ஐந்து வீட்டுப் பங்குக் கிணறு. நல்ல தண்ணீர்க் கிணறு.

இந்தக் கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெடுந்தீவு முழுக்கக் கல். மாரி மழை கல்லுக்குள் இறங்கி, அடியில் நிற்கிற உவர்த் தண்ணீருக்கு மேலே, பாலுக்கு மேலே ஆடை நிற்கிற மாதிரி மெல்லிசாக நிற்கும். அந்த ஆடையைத்தான் மனிசர் அள்ளிக் குடிக்கிறார்கள். மெதுவாக அள்ளினால் ஆடை வரும். அவதிப்பட்டு வேகமாக அள்ளினால் அடியில் கிடக்கிற உவர் மேலே ஏறிவிடும், ஏறினால் இறங்காது. யாழ்ப்பாணத்தில் வருசத்துக்கு ஒருமுறை கிணற்றை வற்ற இறைத்துக் கலக்கித் துப்புரவு செய்வார்கள். இங்கே அப்படிச் செய்தவன் ஊரில் இருக்க ஏலாது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிக் கயிறு, தனித்தனி வாளி. எல்லாக் கயிற்றிலும் ஒரே அளவில் ஒரு முடிச்சு. வாளி தண்ணீரைத் தொடும்போது முடிச்சு கிணற்றுக்கட்டுக்கு மேலே நின்றால் அள்ளலாம். முடிச்சு கட்டைத் தாண்டி உள்ளே இறங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். சமைக்கிறவளும் வாளியைக் கொழுவிவிட்டுப் போய்விடுவாள். யாரும் யாரையும் காவல் பார்ப்பதில்லை. முடிச்சே காவல்.

தோட்டம் என்ற பேச்சு வந்ததும் பங்குக்காரர் கிணற்றடியில் கூடினார்கள். சவிரிமுத்தர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். குடிக்கிற தண்ணீரை மண்ணில் ஊற்ற இவளுக்கு என்ன விசரா என்பது அவருடைய கேள்வி. அவர் சொன்னதில் பிழையும் இல்லை. அப்போது பக்கத்து வளவு ஜெயந்தா முன்னுக்கு வந்தாள். ஜெயந்தாவின் புருசன் தொண்ணூற்றிரண்டில் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவன். அவனைத் தேடி, கடற்படையின் தடையையும் பாராமல் வள்ளத்தை எடுத்துக்கொண்டு அலைந்தவர் அம்புறோஸ். ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனாலும் தேடினார். ஜெயந்தா அதை மறக்கவில்லை.

"என்ரை பின்னேரப் பங்கைக் கத்தரீனா எடுக்கட்டும்" என்றாள் ஜெயந்தா. "நான் உவர்க் கிணத்திலை உடுப்புத் தோய்ப்பன், குளிப்பன். அம்புறோஸ் அண்ணை நடந்து திரியோணும், எனக்கு அது காணும்."

சவிரிமுத்தரும் விட்டுக்கொடுத்தார். முடிச்சை மீறக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தோட்டம் வந்தது. கல்லைக் கிளறி, மாட்டெருவும் கரையில் ஒதுங்கிய கடற்பாசியான சாதாளையும் போட்டு, கட்டாக்காலி மாடுகளும் குதிரைகளும் வாய் வைக்காமல் கல்வேலியை இடுப்பளவுக்கு உயர்த்தி, கத்தரீனா பாத்தி கட்டினாள். பசளி, பொன்னாங்காணி, வல்லாரை, வெண்டி, கத்தரி, பந்தலில் பாகல். வேலி ஓரம் முழுக்க முருங்கை. தீவுக்குள் அப்படியொரு பச்சையைப் பார்க்காதவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவளும் ஒன்றும் கஞ்சத்தனம் காட்டவில்லை. ஐந்து வீட்டுக்கும் ஆளுக்கொரு பிடி போகும். ஜெயந்தாவுக்கு மட்டும் இரண்டு பிடி.

அம்புறோசுக்குத்தான் நரகம் தொடங்கியது. காலையில் குரக்கன் பிட்டு, மத்தியானம் ஒரு அகப்பைச் சோறும் மூன்று கீரையும் மீனும், இரவில் பாகற்காய்ச் சாறு. வாழ்நாள் முழுக்கக் கோப்பை நிறையச் சோற்றைக் குவித்து மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்து தின்ற மனிசன், கோப்பையைப் பார்த்துவிட்டு, "நான் மனிசனோ ஆடோ எண்டு எனக்கே சந்தேகமாய்க் கிடக்கு" என்பார். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. ஆனால் பனங்கட்டி வேறு சாதி, அது மரத்தில் வருவது, வருத்தத்துக்கு ஒன்றும் செய்யாது என்று அவர் தனக்குள் ஒரு வைத்திய சாத்திரம் எழுதி வைத்திருந்தார். வலைப் பறிக்குள்ளே ஒளித்து வைத்த பனங்கட்டியை அதன் பனையோலைக் குட்டானோடு கத்தரீனா கண்டுபிடித்து, கோழிக் கூட்டுப் பக்கம் வீசி எறிந்தாள். அன்றைக்கு அவர் கோபித்துக்கொண்டு தாவாரத்தில் படுத்தார். ஆனால் கிளினிக்கில் சீனி குறைந்திருக்கிறது என்று சொன்ன நாள், வரும் வழியெல்லாம் காண்கிற ஆட்களிடம் தன் மனிசியின் பாகற்காய்ச் சாற்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். கடற்படை விட்ட எல்லைக்குள், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை போட்டார். இரண்டு காலிலும் நின்று போட்டார்.

எல்லாம் சரி. கத்தரீனாவின் கை?

விடியக் கயிறு, பின்னேரம் கயிறு. தும்புக் கயிறு உள்ளங்கையைத் தின்றது. முதல் வருசம் கொப்புளம், பிறகு காய்ப்பு, பிறகு வெடிப்பு. றேந்தை நூலை எடுத்து விரலில் சுற்றினால், வெடித்த தோலில் நூல் கொழுவிக்கொண்டு இழை பிரிந்தது. வெள்ளை நூலில் கை அழுக்கு ஏறியது. தேங்காயெண்ணெய் பூசிப் பார்த்தாள், பழைய காலுறையைக் கைக்கு மாட்டிக்கொண்டு படுத்தாள். ஒரு பூ முடிக்க ஒரு கிழமை ஆனது, அதுவும் கோணல். பின்னிய கண்ணிகளைப் பிரித்துவிட்டுச் சும்மா கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெளியில் சொல்ல ஏலாத ஒன்றைச் சொல்லுகிறேன்: சில நாட்களில் அவளுக்கு அம்புறோசின் காலைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. தன் கையைக் கொடுத்துத்தான் அந்தக் காலை வாங்கி வைத்திருப்பதாக நினைத்தாள். பிறகு அப்படி நினைத்ததற்காக இன்னும் இரண்டு வாளி கூடுதலாக இறைத்தாள்.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்றது. கடல் திறந்தது, வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்கினார்கள். அடுத்த வருசம் மாதா கோயிலின் புரட்டாதிப் பெருநாளை முன்னைய காலம் மாதிரிப் பெரிதாகக் கொண்டாடுவதென்று ஊர் தீர்மானித்தது. சுவாமியார் கத்தரீனாவைத் தேடி வீட்டுக்கே வந்தார். பிரதான பீடத்துக்குப் புது விரிப்பு வேண்டும், அதன் முன்பக்கம் முழுக்க றேந்தையாக இருக்க வேண்டும், நடுவில் பூசைப் பாத்திரமும் இரண்டு பக்கமும் திராட்சைக் குலையும் கோதுமைக் கதிரும் வர வேண்டும் என்றார். கத்தரீனா ஓம் என்று சொல்லிவிட்டு, அவர் போன பிறகு குசினிக்குள் போய் அழுதாள். சந்தோசத்தில்தான். அவளிடம் இவ்வளவு பெரிய வேலையை யாரும் அதுவரை கேட்டதில்லை. அப்படிக் கேட்க மாட்டார்களா என்று இருபது வருசமாக அவள் காத்திருந்ததும் அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. மடியில் விரித்து வைத்த கைகளைப் பார்த்தாள். இந்தக் கையால் அந்த வேலை நடக்காது.

அந்த நேரம் பார்த்து வந்து இறங்கினான் அன்ரனிதாஸ். அம்புறோசின் கடைசித் தம்பி, டென்மார்க்கில் இருப்பவன், பதினேழு வருசத்துக்குப் பிறகு ஊரைப் பார்க்க வந்திருந்தான். அண்ணி கிணற்றடியில் நின்று கயிறு இழுக்கிறதைக் கண்டு அவனுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. உலகம் எங்கே போய்விட்டது, இவர்கள் இன்னும் வாளியோடு நிற்கிறார்களே என்று அண்ணனைக் கடிந்துகொண்டான். யாழ்ப்பாணம் போய், மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிசின் ஒன்றை வாங்கி வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்தான். தோட்டத்து மூலையில் சீமெந்தில் ஒரு தொட்டியும் கட்டிக் கொடுத்தான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான். நல்ல எண்ணம் உள்ளவர்கள் தண்ணீர் உள்ள நாட்டிலிருந்து வந்தால் இப்படித்தான்.

சவிரிமுத்தர் கிணற்றுக்கட்டில் ஏறி இருந்துகொண்டு, மிசினின் குழாயை உள்ளே விடுவதென்றால் தன்னையும் சேர்த்துத் தள்ளிவிட்டுச் செய்யுங்கள் என்றார். அன்ரனிதாஸ் சிரித்தான். கத்தரீனாதான் கெஞ்சினாள். பெருநாள் மட்டும்தான், பிறகு மிசினைக் கழற்றிவிடலாம், காலையில் தொட்டி நிரம்பும் அளவுக்கு மட்டும் ஓடும், மாதாவின் பீடத்துக்கான வேலை என்று சொன்னாள். மாதாவின் பெயரைச் சொன்ன பிறகு யார் மறுத்துப் பேசுவது? சவிரிமுத்தர் தன் தோளில் கிடந்த சிவப்புத் துவாயில் ஒரு துண்டைக் கிழித்து, கயிற்றின் முடிச்சு காட்டும் கடைசித் தண்ணீர் மட்டத்தை அளந்து, குழாயில் கட்டினார். தண்ணீர் அந்தத் துண்டுக்குக் கீழே போனால் மிசினை நிற்பாட்டிவிட வேண்டும் என்றார். கயிறு இழுக்கிறவளின் கைக்கு முடிச்சு தானாகத் தெரியும். குழாயில் கட்டிய துண்டை யாராவது எட்டிப் பார்க்க வேண்டும். அந்த வித்தியாசம் அன்றைக்கு ஒருவருக்கும் பெரிதாகப் படவில்லை, ஜெயந்தாவைத் தவிர.

எல்லாரும் போன பிறகு ஜெயந்தா நின்றாள். "நான் மறிக்கேல்லை" என்றாள். "ஆனால் தம்பிக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். அதை மட்டும் நினைச்சுக்கொள்ளும்."

"நான் பக்கத்திலையே இருப்பன்" என்றாள் கத்தரீனா.

பக்கத்தில்தான் இருந்தாள். அதில் பொய் இல்லை. மிசினை ஓடவிட்டு, தொட்டியின் விளிம்பில் கதிரையைப் போட்டுக்கொண்டு, மடியில் நூற்பந்தோடு இருந்தாள். கொஞ்ச நாளிலேயே கை ஆறத் தொடங்கியது. வெடிப்பு மூடியது, தோல் இளகியது. நூல் மறுபடியும் விரலுக்குள் வழுக்கி ஓடியது. ஐந்து வருசமாகச் செத்துக் கிடந்த ஒன்று திரும்பி வந்த மாதிரி அவளுக்கு இருந்தது. கோதுமைக் கதிர் முடிந்தது, ஒரு பக்கத் திராட்சை முடிந்தது. முதல் நாட்களில் இரண்டு வரிக்கு ஒருமுறை எழும்பிப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தாள். பிறகு நாலு வரிக்கு ஒருமுறை. தோட்டமும் தண்ணீரை வாங்கி வாங்கித் தளதளவென்று நின்றது. அம்புறோசுக்கு நேரத்துக்குக் கீரை, அவளுக்கு நேரத்துக்கு றேந்தை. வாழ்க்கையில் முதன்முதலாக எல்லாம் அளவாக வந்து பொருந்திவிட்டதென்று அவள் நம்பினாள்.

அது ஆவணி முடிகிற நேரம், கோடையின் அடி. கிணறு எந்த வருசமும் ஆகக் குறைந்து நிற்கும் காலம். அன்றைக்கு அவள் பின்னிக்கொண்டிருந்தது நடுவில் வரும் பாத்திரம். அதன் கழுத்துப் பகுதியில் ஒவ்வொரு வரியிலும் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும், ஒன்று பிசகினாலும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். தொட்டி நிரம்பி வாய்க்காலில் வழிந்தது. வழியட்டும், பாகலுக்குத்தானே போகிறது என்று விட்டாள். பிறகு மிசினின் சத்தம் மாறியது. தொண்டை காய்ந்தவன் இருமுகிற மாதிரி ஒரு சத்தம். கத்தரீனா அதைக் கேட்டாள். கேட்கவில்லை என்று பிறகு ஒருநாளும் அவள் சொன்னதில்லை. கேட்டது, அதன் அர்த்தமும் தெரிந்தது. ஆனால் ஊசி வரியின் நடுவில் நின்றது. அந்த வரியை முடித்துவிட்டுத்தான் எழும்பினாள்.

எட்டிப் பார்த்தபோது சிவப்புத் துண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கிணற்றின் அடியில் கிடந்த கல் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அந்த ஊரில் யாரும் காணாத கல்.

பின்னேரத்துக்குள் கிணறு ஊறி முன்னிருந்த மட்டத்துக்கே வந்துவிட்டது. அவள் மாதாவுக்கு நன்றி சொன்னாள். அடுத்த நாள் விடிய ஜெயந்தா வைத்த தேத்தண்ணி கறுத்துப்போய் நாக்கில் உவர்த்தது. ஜெயந்தா அந்தக் கோப்பையைக் கொண்டுவந்து கத்தரீனாவின் குசினி வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஊர் கூடிச் சண்டை பிடித்திருந்தால் கத்தரீனா தாங்கியிருப்பாள். யாரும் சண்டை பிடிக்கவில்லை. மாரி வந்தால் சரியாகும் என்று பொறுத்தார்கள். அன்ரனிதாஸ் தலையைக் குனிந்துகொண்டு, எல்லா வீட்டுக்கும் போத்தில் தண்ணீர் எடுப்பிக்கலாம், செலவு தன்னுடையது என்றான். எவ்வளவு காலத்துக்குத் தம்பி என்று சவிரிமுத்தர் கேட்டார். பெருநாள் முடிந்த கையோடு அன்ரனிதாஸ் டென்மார்க்குக்குத் திரும்பிவிட்டான்.

பெருநாளன்று விரிப்பு பீடத்தில் தொங்கியது. மெழுகுதிரி வெளிச்சத்தில் பாத்திரமும் குலையும் கதிரும் அப்படியே எழும்பி நின்றன. வெளிநாட்டுக்காரர் கிட்டப் போய்ப் படம் எடுத்தார்கள், இதைக் கையால் பின்னினதோ என்று கேட்டார்கள். சுவாமியார் பிரசங்கத்தில் பெயர் சொல்லிப் பாராட்டினார். கத்தரீனா கடைசி வாங்கில் இருந்தாள். பக்கத்தில் இடம் இருந்தும் ஜெயந்தா வேறு வாங்குக்குப் போனாள். பாத்திரத்தின் கழுத்தில் ஒரு பிசகும் இல்லை என்பதைக் கத்தரீனா கவனித்தாள். கவனித்த கண்ணைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது அவளுக்கு.

மாரி வந்தது, போனது. மேலே கொஞ்சம் நல்ல தண்ணீர் நின்று மாசிக்குள் மறுபடியும் உவர்த்தது. அடுத்த மாரியும் அப்படித்தான். அந்தப் பகுதியில் ஒரு வழக்கம்: கிணற்றடியிலிருந்து தன் கயிற்றையும் வாளியையும் எடுத்துக்கொண்டு போனால் பங்கை விட்டுவிட்டதாக அர்த்தம். முதலில் எடுத்தவர் சவிரிமுத்தர். பிறகு மற்ற இரண்டு வீட்டாரும் எடுத்தார்கள். ஜெயந்தாவின் வாளி நீண்ட நாள் தொங்கியது. ஒருநாள் அதுவும் இல்லை. ஐந்து வீட்டுப் பங்குக் கிணறு கத்தரீனாவுக்கே சொந்தமாகிவிட்டது. மிசின் கோழிக் கூட்டுக்குப் பக்கத்தில் சாக்கு மூடிக் கிடந்தது.

நல்ல தண்ணீருக்கு இனித் தீவின் மேற்குப் பக்கம் போக வேண்டும். வெயிலில் நடந்து போய், வரிசையில் நின்று, ஒரு குடம் தலையிலும் ஒரு குடம் இடுப்பிலுமாகக் கொண்டு வந்தால் குடிக்கவும் சமைக்கவும் காணும். கீரைக்கு எங்கே போவது? பசளி முதலில் கருகியது, பிறகு வல்லாரை, பிறகு பந்தலில் பாகல். முருங்கை மட்டும் உவருக்கும் நின்றது. மனிசன் எத்தனை நாளைக்கு முருங்கையிலை தின்பான்? அம்புறோஸ் மெதுவாகச் சோற்றுக் கோப்பைக்குத் திரும்பினார். பனங்கட்டிக் குட்டான் வெளிப்படையாகவே வீட்டுக்குள் வந்தது. கத்தரீனா அதை எடுத்து எறியவில்லை. பேச அவளுக்கு வாய் இல்லை. ஊசிகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள், அதற்குப் பிறகு ஒரு கண்ணியும் பின்னவில்லை.

இரண்டாயிரத்தாறு ஆவணியில் சண்டை மறுபடி மூண்டு, குடாநாட்டுக்கு வரும் தரைப்பாதை பூட்டப்பட்டது. குடாநாட்டுக்கே சாமான் இல்லாதபோது நெடுந்தீவுக்கு என்ன வரும்? மரக்கறி வள்ளம் நின்றது, கிளினிக்கில் குளிசை பாதியாகக் குறைந்தது. அடுத்த வருசம் அம்புறோசின் குதிக்காலைக் கல் வெட்டியது. சின்னக் காயம்தான். கத்தரீனா நாளுக்கு எத்தனை தரம் அந்தக் காலை மடியில் தூக்கி வைத்துப் பார்த்தாள் என்று சொல்ல ஏலாது. கறுப்பு ஏறிக்கொண்டே வந்தது. கடற்படையிடம் அனுமதி எடுத்து, காற்று அடங்குமட்டும் காத்திருந்து, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். தோட்டம் இருந்திருந்தாலும் இந்த வருத்தத்தில் கால் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு டொக்குத்தர் அவளுக்கு ஆறுதல் சொன்னார். இருக்கலாம். அதை யார் அளந்து பார்த்தது? ஆனால் அந்த ஆறுதல் கத்தரீனாவுக்குள் இறங்கவில்லை. ஒரு வரி றேந்தைக்கு ஒரு கால் என்று அவள் தன்னளவில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, புண்ணைக் கொதித்து ஆறிய நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், உவர்த் தண்ணீர் அவருக்குக் குடிக்கவும் ஆகாது என்று தாதி சொல்லியிருந்தாள். அவரைத் தனியே விட்டுவிட்டு மேற்குப் பக்கம் போய் வர ஏலாது. எழும்பப் பார்த்து விழுந்துவிடுவார். யாரிடம் கேட்பது? நாலு வீட்டின் தண்ணீரையும் கெடுத்தவள் யாருடைய படலையில் போய்க் குடத்தை நீட்டுவாள்? ஒருநாள் முழுக்க யோசித்து, கடைசியில் கிணற்று உவரையே அடுப்பில் வைத்துக் கொதிக்கப் பண்ணினாள்.

அப்போது படலை திறந்த சத்தம் கேட்டது. ஜெயந்தா இடுப்பில் குடத்தோடு வந்தாள். நாலு வருசமாக அந்தப் படலைக்குள் அவள் கால் வைத்ததில்லை. மேற்குப் பக்கத்திலிருந்து நடந்து வந்த புழுதி முழங்கால்வரை இருந்தது. குடத்தைக் குசினி வாசலில் இறக்கி வைத்தாள். கத்தரீனா ஓடிவந்து அவளுடைய கையைப் பிடிக்கப் போனாள். ஜெயந்தா கையை எடுத்துக்கொண்டாள்.

"இது அம்புறோஸ் அண்ணைக்கு" என்றாள். "நாளும் கொண்டு வருவன். உமக்கு நான் கொண்டு வரேல்லை."

சொல்லிவிட்டுப் போனாள். சொன்ன சொல்லை மீறவும் இல்லை. ஒவ்வொரு நாளும் விடிய ஒரு குடம் வாசலில் இருந்தது, முதல்நாள் குடம் வெறுமையாகத் திரும்பிப் போனது. இரண்டு பெண்களும் பேசிக்கொள்ளவில்லை. குடத்துத் தண்ணீர் ஒருவருக்கு மிஞ்சும், அளந்து எடுத்தால் இரண்டு பேருக்கும் காணும். காணும் என்பது கத்தரீனாவுக்குத் தெரியும், ஜெயந்தா வந்து பார்க்கப் போவதில்லை என்பதும் தெரியும்.

முதல் குடம் வந்த அன்றைக்குக் கத்தரீனா அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வெட்டிய இடத்தைக் கழுவிச் சீலை சுற்றினாள். மிச்சத்தில் அம்புறோசுக்குத் தேத்தண்ணி போட்டாள். அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, நல்ல தண்ணியல்லோ இது, எங்காலை என்று கேட்டார். ஜெயந்தா கொண்டுவந்ததாகச் சொன்னாள். அவருடைய முகம் மலர்ந்தது. பாத்தீரோ, அவள் கோபம் ஆறி வந்திட்டாள், நீரும் எடுத்துக் குடியும் என்றார்.

நான் குடிச்சிட்டன் என்றாள் கத்தரீனா. வாளியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் கொண்டுவந்து, அதில் தனக்குத் தேத்தண்ணி வைத்தாள்.